ஓட்டைக் கை

எண்பத்து நாலு. டிக்கெட் ஒன்று ஏழு ரூபாய், பன்னிரண்டு டிக்கெட்டுக்கான பணம். அதை நான் ஒரு பெண்ணுக்கு நாற்பத்தாறு வருஷம் கடன்பட்டிருந்தேன். வங்கிக்கு ஒரு தவணை நான் தவறியதில்லை. என் ஆட்கள் சம்பளத்தைக் கேட்டு வாங்கியதில்லை, நானே கூப்பிட்டுக் கொடுப்பேன். ‘இவன் எனக்கு ஒரு காசு பாக்கி என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் வரட்டும்’ என்று சங்கக் கூட்டத்தில் மேடையேறிப் பேசியிருக்கிறேன். பேசிய மைக்கும் என்னுடையதுதான். அந்தப் பேச்சு மட்டும் பொய்.

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று மூன்று கிடங்கு, இரண்டு லாரி, ஊரில் எங்கே யார் வாயைத் திறந்தாலும் அது என் ஸ்பீக்கர் வழியாகத்தான் வெளியே வரும். அது கிடக்கட்டும். இங்கே சொல்ல வந்தது அவள் கதை. இப்போது அவள் ஒரு தையல்காரி. அறுபத்திரண்டு வயது. சாயங்காலமானால் கால் இரண்டும் வீங்கிவிடும்.

எனக்குப் பதினேழு வயது. ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. தகரக் கூரை, ஒரே மேசை, உருகிய ஈயத்தின் வாசனை. எதிரே பிஸ்கட் கம்பெனி. ஷிப்ட் முடிந்தால் புருவமெல்லாம் மாவோடு பன்னிரண்டு பெண்கள் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். என் அழகுக்காக இல்லை. அப்போது ஒரு பாட்டுக் குழு இருந்தது, நாலு பையன்கள். அதில் முன்னால் நின்று பாடுகிறவன் தோள் வரைக்கும் அகலமான மஞ்சள் காலர் வைத்துச் சட்டை போடுவான். அவன் மேல் இந்தப் பன்னிரண்டு பேருக்கும் அப்படி ஒரு பைத்தியம். ரேடியோவில் அவர்கள் பாட்டு வந்தால் நான் கேசட்டில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் வருவார்கள்.

எனக்கு அந்தப் பைத்தியம் கிடையாது. ஸ்பீக்கர் கரகரக்கிறதா இல்லையா, என் காதுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவள்தான் அந்தக் கும்பலுக்குத் தலைவி. எல்லாரும் அவளைக் கூப்பிடுவதே அப்படித்தான். பாட்டு முடிவதற்குள் ரேடியோக்காரர் பேச ஆரம்பித்துவிட்டால் என்னோடு சண்டைக்கு வருவாள்.

“அந்த ஆள் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நிறுத்தணும்னு சொன்னேன்ல?”

“நான் என்ன அவர் வாயைப் பிடிச்சுக்கிட்டா உட்கார்ந்திருக்கேன்?”

“காசு வாங்கறீங்கல்ல, பிடிங்க.”

கம்பெனியில் பெல்ட் ஓடும்போது பேசக் கூடாது என்று சூப்பர்வைசர் உத்தரவு. பாடக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே என்று இவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டி முதல் பெண்ணிடம் வரும்போது அவள் ஒரு வரி பாடி, ஒரு பாக்கெட் வைப்பாள். பெட்டி நகர்ந்தால் அடுத்தவள் அடுத்த வரி, அடுத்த பாக்கெட். பன்னிரண்டாவது ஆளிடம் பாட்டும் முடியும், பெட்டியும் நிறையும். எவளாவது வரியை மறந்தால் பெட்டியில் ஒரு பாக்கெட் குறையும். நாலு நாள் கத்திப் பார்த்த சூப்பர்வைசர், பாட்டு ஓடுகிற நாளில் எண்ணிக்கை சரியாக இருப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். பதினாறு வயதில் அப்படி ஒரு மூளை அவளுக்கு. எனக்குக் கிடைத்த வாய்ப்பு அவளுக்குக் கிடைத்திருந்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பாள். நான் எல்லாரைப் பற்றியும் இப்படிச் சொல்கிறவன் இல்லை.

அந்தக் குழு நகரத்துக்கு வருகிறது என்று செய்தி வந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். டிக்கெட் ஏழு. அவர்களுக்கு அது நாலு நாள் கூலி. வீட்டுக்குத் தெரியாமல், மதியச் சாப்பாட்டில் பிடித்துப் பிடித்துச் சேர்த்தார்கள். பணம் தலைவியிடம் இருக்க வேண்டும், அவள் கையை விட்டு வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். போட்டது சோடாபுட்டி. தடிமனான கண்ணாடி போட்டிருப்பாள், பெல்ட்டில் தலைவிக்குப் பக்கத்தில் நிற்கிறவள், உயிர்த் தோழி.

மாவு மூட்டைத் துணியை வெட்டி மஞ்சள் சாயம் போட்டு, பன்னிரண்டு காலர் தைத்ததும் தலைவிதான்.

டிக்கெட் கவுண்டர் ஒரு வியாழக்கிழமை காலையில் திறந்தது. கச்சேரி அதற்கடுத்த வாரம் ஞாயிறு. கம்பெனியில் ஒருத்திக்கும் லீவு இல்லை. நான் அன்றைக்குக் கடைச் சாமான் வாங்க நகரத்துக்குப் போவதாக இருந்தேன். முதல் நாள் சாயங்காலம் தலைவி தனியாக வந்து, கைக்குட்டையில் முடிந்த பணத்தை என் மேசையில் வைத்தாள்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஒரு பையன் கையில குடுத்தேன்னு தெரிஞ்சா எங்க வீட்டுல காலை உடைப்பாங்க, அவளுங்க கழுத்தை உடைப்பாளுங்க.”

“என் மேல அவ்வளவு நம்பிக்கையா?”

“வேற வழி இல்ல. நம்பிக்கையெல்லாம் டிக்கெட் வந்தப்புறம்.”

நகரத்தில் பழைய சாமான் சந்தையில் ஒரு அம்ப்ளிஃபயர் கிடந்தது. டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. எண்பதுக்குத் தருகிறேன் என்றான் கடைக்காரன். ஒரே நாளில் சரி செய்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு வாடகைக்கு விட்டால் போட்ட காசு வந்துவிடும், திங்கட்கிழமை வந்து டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கச்சேரி டிக்கெட் என்ன மருந்தா, தீர்ந்துபோக? ரசிகனாக இருக்கிற எவனும் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டான்.

நான் போட்ட கணக்கில் வாடகை மட்டும் சரியாக வந்தது. இரண்டு நாளில் தொண்ணூறு. திங்கட்கிழமை கவுண்டருக்குப் போனால் பலகை அடித்து மூடியிருந்தது. “வியாழக்கிழமை மத்தியானமே முடிஞ்சுபோச்சு தம்பி. ஜன்னல் கண்ணாடியையே உடைச்சுட்டாளுங்க பொண்ணுங்க” என்றார் காவல்காரர்.

கவனியுங்கள், அப்போது என் சட்டைப் பையில் தொண்ணூறு இருந்தது. அன்று சாயங்காலமே அவள் கையில் எண்பத்து நாலை எண்ணிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், முடிந்திருக்கும். அவள் வந்து கேட்டபோது, “கவுண்டர்ல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார், ஞாயித்துக்கிழமை காலையில கைக்கு வந்துடும்” என்றேன். புதன்கிழமை அந்தப் பணத்தில் ஒரு புனல் ஸ்பீக்கர் வாங்கினேன். பெரிய வாடகை ஒன்று வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில் பதினோரு பேர் மஞ்சள் காலரோடு நின்றார்கள். அவள் என் கடைக்கு வந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு மேசைக்கு அடியில் இருந்தேன்.

“உள்ள இருக்கீங்கன்னு தெரியும். செருப்பு வெளியில கிடக்கு.”

நான் மூச்சுக் காட்டவில்லை. கதவுக்குக் கீழே அவள் கால் விரல்கள் தெரிந்தன. இரண்டு பஸ் போகிற வரைக்கும் அப்படியே நின்றாள். பிறகு விரல்கள் நகர்ந்தன. நிறுத்தம் கடைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

“தொலைச்சிட்டேன்” என்றாள். “பணத்தை எங்கேயோ தொலைச்சிட்டேன்.”

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமில்லாமல் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கம்பெனி வேலை முடிந்து வந்து வீட்டில் தையல் தைத்தே, பதினாலு மாதத்தில் பதினோரு பேருக்கும் அவள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தலைவி என்ற பேர் போய் ஓட்டைக் கை என்று ஆனது. பெல்ட்டில் பாட்டு நின்றது. தெருவில் அவள் வந்தால் நான் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்வேன். அடுத்த மாசம் கொடுத்துவிடலாம் என்று நினைப்பேன், அடுத்த மாசம் இன்னொரு ஸ்பீக்கர் வாங்குவேன். கொஞ்ச வருஷத்தில் அவளுக்கும் சோடாபுட்டியின் அண்ணனுக்கும் கல்யாணமாகி, வேறு பக்கம் குடிபோனார்கள். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. வெட்கக்கேடுதான். ஆனாலும் வந்தது.

அந்த அம்ப்ளிஃபயரை நான் விற்கவில்லை. என் ஆபீசில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். ‘வெறுங்கையோடு வந்தவன், இதில் தொடங்கினேன்’ என்பேன்.

சில மாசத்துக்கு முன்னால் ஒரு பெண் என் கிடங்குக்கு வந்தாள். சினிமா டைரக்டராம். என் பேத்தி வயசுதான் இருக்கும்.

“பழைய காலத்து அம்ப்ளிஃபயர் வாடகைக்கு வேணும் சார். வேலை செய்யணும்னுகூட இல்ல, பார்த்தா போதும்.”

“என்கிட்ட வேலை செய்யாத சாமானே கிடையாதும்மா. என்ன படம்?”

“ஒரு பாட்டுக் குழு மேல பைத்தியமா இருந்த பொண்ணுங்க கதை சார். அந்தப் பைத்தியத்தோடவே அவங்க எப்படிப் பெரியவங்க ஆனாங்கன்னு.”

“பாட்டு கேட்டா பெரியவங்க ஆனாங்க? வேலை செஞ்சு ஆகணும்.”

“அதுவும் இருக்கு சார்” என்று சிரித்தாள். அலமாரியைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாள்.

அதை வேறு ஆளிடம் கொடுத்தனுப்ப எனக்கு மனசு வரவில்லை. முழங்கால் வலியோடு, லோடுமேன்களையும் கூட்டிக்கொண்டு என் லாரியில் நானே கொண்டுபோனேன். மூடிப்போன ஒரு பழைய ஆலைக்குள் ஷூட்டிங். காலையில் உட்கார வைத்தால் சாயங்காலம் வரை யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். காத்திருப்பதுதான் அங்கே பாதி வேலை. நடந்து பார்க்கலாமென்று போனால், உடுப்பு மாட்டி வைத்திருந்த கம்பியில் வரிசையாகப் பன்னிரண்டு மஞ்சள் காலர் தொங்கியது. அதற்குக் கீழே தையல் மெஷினில் ஒரு நரைத்த தலை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. “வாங்க முதலாளி. போர்டுல உங்க பேரைப் பார்த்தேன். லாரியெல்லாம் பெருசா இருக்கு.”

“ரெண்டு இருக்கு” என்றேன். என் வாய் அப்படி, பழக்கம்.

“செருப்பு நல்லா இருக்கு. வெளியில விட்டுடாதீங்க.”

பக்கத்தில் துணி மூட்டைதான் இருந்தது, அதில் உட்கார்ந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தள்ளுவண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“அலமாரியில வெச்சுக் காட்டறீங்களாமே, டைரக்டர் பொண்ணு சொன்னா. என் பணம் போனது இதுக்குத்தானா?”

“ம்.”

“என்ன விலை?”

“எண்பது.”

“மீதி நாலு?”

“பஸ்ஸுக்கு.”

அவள் தலையை ஆட்டினாள். “எதுக்கு எடுத்திருப்பீங்கன்னு எத்தனை வருஷம் யோசிச்சிருக்கேன் தெரியுமா? உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ, யாராவது அடிச்சுப் பிடுங்கிட்டாங்களோன்னெல்லாம். ஒரு பெட்டிக்கா? சரி, போங்க. துணி கசங்குது, எழுந்திருங்க.”

சாயங்காலம் கூலி கொடுக்கிற நேரம். மேனேஜர் பேர் பேராகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் முறை வந்தபோது அவள் எழுந்திருக்கவே இல்லை. வாசலில் இருந்து தடிக் கண்ணாடி போட்ட ஒரு கிழவி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். அதே சோடாபுட்டி, நாத்தனார். இரண்டு பேர் புருஷன்மாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

“எங்க அண்ணி கையில குடுத்துடாதீங்க தம்பி” என்றாள் மேனேஜரிடம், எல்லாருக்கும் கேட்கும்படியாக. “ஓட்டைக் கை. பணம் நிக்காது.”

மேனேஜர் சிரித்தார். தினமும் கேட்டுச் சிரிக்கிற சிரிப்புப் போல. அவளும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. விசாரித்தேன். வீட்டுச் சாவி, வாடகை, மருந்துக் காசு எல்லாம் நாத்தனாரிடம். புருஷன் இருந்தபோதும் சம்பளத்தைத் தங்கச்சி கையில்தான் கொடுப்பாராம். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து, நாள் முழுக்கச் சம்பாதித்த ஒருத்தியின் உள்ளங்கையில் யாரும் ஒரு காசு வைத்ததில்லை.

மூன்றாம் நாள் பஸ் நிறுத்தக் காட்சி. கதையை டைரக்டர் பெண்ணுக்குச் சொன்னதே இவள்தான், ஆனால் இவள் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருந்தாள். பாவாடைப் பையில் ஓட்டை, பணம் விழுந்துவிட்டது என்று. தலைவியாக நடிக்கிற பெண், மற்றப் பதினோரு பேர் முன்னால் நின்று, “தொலைச்சிட்டேன்” என்றாள். பதினோரு பேரும் திரும்பிக்கொண்டார்கள். “நல்லா இருக்கு, இன்னொரு தடவை” என்றாள் டைரக்டர். மறுபடி தொலைச்சிட்டேன். வெயில் மாறியது, மறுபடி. எங்கோ நாய் குரைத்தது, மறுபடி. நான் என் அம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்து எண்ணினேன். பத்தொன்பது தடவை. அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் நேராகத் தையல் மெஷினுக்குப் போனேன். வீட்டுப் பீரோவில் இருந்து எடுத்து வந்திருந்த பணக் கட்டை அவள் முன்னால் வைத்தேன். கனமான கட்டு. வட்டிக்கு வட்டி போட்டாலும் தாங்கும்.

அவள் அதைத் தொடவில்லை. “என்ன இது?”

“உன் பணம்.”

“என் பணம் இவ்வளவு இல்ல. இதை வாங்கினா நீங்க தர்மம் பண்ணினதா ஆகும். அதையும் ஒரு அலமாரியில வெச்சுக் காட்டுவீங்க.” காலை நீட்டித் தடவிக்கொண்டாள். “எனக்கு அலுத்துப்போச்சு முதலாளி. சண்டை போடக்கூடத் தெம்பு இல்ல. குடுக்கணும்னா எண்பத்து நாலு குடுங்க. அவ முன்னாடி குடுங்க. எதுக்குன்னு வாயைத் திறந்து சொல்லிக் குடுங்க. முடியலன்னா எடுத்துட்டுப் போங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“அவ முன்னாடியா? இத்தனை ஆள் இருக்காங்க. என் லோடுமேன்கள் இருக்காங்க.”

“எனக்கு எத்தனை ஆள் இருந்தாங்க?”

வெளியே வந்தேன். ஆயிரம் பேர் கேட்கிற மைக்கில் என்னைப் பற்றி நானே பேசியவன். இதைச் சொல்லத் துணிவில்லாமல் லாரிப் பக்கம் நடந்தேன். அது போதாதென்று என்னிடம் சில்லறை இல்லை. எல்லாம் பெரிய நோட்டு. எண்பத்து நாலுக்கு இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடு உருப்படியாகக் கிடைக்காது, ஆனால் அந்த எண்பத்து நாலு என் பையில் இல்லை. என் லோடுமேனிடம் போய்க் கை நீட்டினேன்.

“முதலாளிக்குச் சில்லறையா?” என்றான். “எதுக்கு முதலாளி?”

“கடன்டா.”

“உங்களுக்கா?” என்று அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பையைத் துழாவிக் கொடுத்தான். மிச்சத்தை டீக்காரரிடம் தேற்றினேன். பத்துத் தாள் எட்டு, ஒற்றைக் காசு நாலு.

கூலி நேரம் வந்தது. நாத்தனார் வந்தாள். மேனேஜர் எழுந்திருப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன்.

“என்னைத் தெரியுதா?”

கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். “ரேடியோ கடைப் பையன்தானே. தொப்பை வந்திருக்கு. அதே மூக்கு.”

“அந்தப் பன்னிரண்டு டிக்கெட் பணத்தை உங்க அண்ணி தொலைக்கல. டிக்கெட் வாங்கச் சொல்லி என்கிட்ட குடுத்தா. நான் எடுத்துக்கிட்டேன். இதோ, இந்தப் பெட்டி வாங்கினேன்.”

என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. லோடுமேன் தரையைப் பார்த்தான். டைரக்டர் பெண் கையில் இருந்த காகிதக் கட்டை மெதுவாக மடித்தாள்.

நாத்தனார் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. மெஷின் பக்கம் போனாள். ஊருக்கு முன்னால் அண்ணி என்கிறவளுக்கு அந்த நேரம் பழைய வாய் வந்துவிட்டது.

“ஏண்டி? ஏண்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா?”

“அவன் கடையையே கொளுத்தியிருப்பேன்டி!”

“கொளுத்தியிருப்ப. அப்புறம், பையன் கையில பணம் குடுத்த பொண்ணுன்னு ஊரெல்லாம் பேசியிருக்கும். உங்க அண்ணனுக்கு என்னைக் கட்டி வெச்சிருப்பீங்களா?”

நாத்தனார் இன்னும் கிட்டே போனாள். “அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? கல்யாணத்துக்கு அப்புறம்?”

“அப்புறம் நீ பேச விட்டியா?”

கிழவி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் பணத்தை வெளியே எடுத்தேன். சத்தம் கேட்டதும் பழக்கத்தில் அவள் கைதான் முதலில் நீண்டது. பாதியில் நின்றது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“எண்ணி வாங்கு” என்றாள் அண்ணியிடம். “அவனை நம்பாத.”

தையல்காரி எழுந்து நின்றாள். வீங்கிய கால், மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். வலது கையை விரித்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. ரேகைக்குள் மஞ்சள் சாயம். விரிந்து நிற்கப் பழகாத கை.

நான் சீக்கிரம் முடித்துவிட்டால் போதுமென்று வேகமாக வைத்தேன்.

“மெதுவா” என்றாள். “எனக்குக் கேட்கணும்.”

திரும்ப எடுத்து முதலில் இருந்து எண்ணினேன். பத்து. இருபது. முப்பது. ஒவ்வொரு தாளையும் அவள் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். நாற்பது. ஐம்பது. அறுபது. எழுபது. எண்பது. பிறகு காசு, ஒவ்வொன்றாக. எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. எண்பத்து மூன்று.

எண்பத்து நாலு.